காலி இடத்தைச் சுற்றி வளைந்த அம்பு

பாசில் துர்கோத் திரையில் ஒரு பெட்டி வரைந்தான். அதற்குள் 'ஓடு' என்று எழுதினான். பக்கத்தில் இன்னொரு பெட்டி வரைந்து 'நில்' என்று எழுதினான். இரண்டுக்கும் நடுவே போக ஓர் அம்பு, வர ஓர் அம்பு. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு பச்சைப் பொத்தானை அழுத்தினான்.

திரை கொட்டித் தீர்த்தது. வரிக்குப் பின் வரி, பக்கத்துக்குப் பின் பக்கம். அடைப்புக்குறிகளும் அரைப்புள்ளிகளுமாக நிரல் பொங்கி வழிந்து கீழே ஓடியது.

"எழுதிட்டேன்! நான் புரோகிராம் எழுதிட்டேன்!" என்று நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். அவனுடைய தொப்பை மேஜையில் இடித்து காபி கொஞ்சம் சிந்தியது.

"நீங்க எழுதலை," என்றார் ரெஜீன், துணியால் காபியைத் துடைத்தபடி. "நீங்க வரைஞ்சீங்க. எழுதினது மெஷின்."

"இருக்கட்டுமே. பெத்தது யாரா இருந்தா என்ன, பேரு வச்சது நான்தானே?"

ரெஜீன் சிரித்துவிட்டார். படம் வரைந்தே மென்பொருள் செய்யும் வித்தையைக் கற்றுத் தருவதற்காக மொன்ட்ரியாலிலிருந்து இந்தச் சின்ன ஊருக்கு வரவழைக்கப்பட்ட ஆசிரியை. இத்தனை மகிழ்ச்சியான மாணவனை அவர் பார்த்ததே இல்லை. அவன் மாணவனே இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

பாசில் உள்ளூர் வானொலியில் வானிலை வாசித்துக்கொண்டிருந்தவன். நிலையம் மூடப்பட்ட பிறகு துப்பறியும் ஃபிலோமென் காட்புவா என்ற பெண்மணியிடம் உதவியாளனாகச் சேர்ந்தான். கம்ப்யூட்டரில் அவன் அதுவரை செய்ததெல்லாம் சீட்டு விளையாடித் தோற்றதுதான். அப்படிப்பட்டவனை ஃபிலோமென் இந்த வகுப்புக்குள் வேவு பார்க்க நுழைத்துவிட்டிருந்தார்.

வேவு பார்க்கக் காரணம் ஒரு ரோப் கார். கம்பிவடத்தில் வரிசையாக நாற்காலிகள் தொங்கும். பனிச்சறுக்குக்காரர்களைத் தூக்கிக்கொண்டு பெலெத் மலை உச்சிக்குப் போகும். அதை ஓட்டும் மென்பொருளைச் செய்வது, இந்த வகுப்பையும் நடத்தும் ஃபெர்னான் துசோவின் நிறுவனம். இந்தக் குளிர்காலத்தில் அந்த ரோப் கார் திடீர் திடீரென்று நடுவானில் தானாக நின்றது. கொஞ்ச நேரம் தொங்கவிட்டு, தானாகவே மறுபடி ஓடியது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் சனிக்கிழமை குளிர்கால விழா. ஊரே மலையில் இருக்கும், பாதுகாப்பு ஆய்வாளர் வருவார், வானொலிக்காரர்கள் வருவார்கள். 'நிற்காத ரோப் கார்' என்று துசோ ஏற்கெனவே மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டார்.

"நாசவேலை!" என்று துசோ ஃபிலோமெனின் அலுவலகத்தில் மேஜையைக் குத்தினார். "செய்யறது யாருன்னும் எனக்குத் தெரியும். கயேத்தான். பழைய ஆளு. எல்லாத்தையும் கையாலயே எழுதின ஆளு. இனிமே யாரும் எழுத வேணாம், படம் வரைஞ்சா போதும், மிச்சத்தை மெஷின் எழுதும்னு நான் சொன்னதும் கேன்டீன்ல எல்லார் முன்னாடியும் குதிச்சாரு. அதிலேர்ந்துதான் இந்தக் கூத்து. எனக்கு ஆதாரம் வேணும்."

அந்த ஆதாரத்தைத் தேடித்தான் பாசில் பெட்டி வரைந்துகொண்டிருந்தான். தேட வந்ததையே மறந்துவிட்டு.

மூன்றாம் நாள் காலை அவனுக்கு ஓர் அதிர்ஷ்டம் அடித்தது. பெலெத் மலை ரோப் காரின் அசல் நிரலை ரெஜீன் பாடத்துக்காகத் திறந்து காட்டினார். உருட்டிக்கொண்டே போகும்போது பாசிலின் கண்ணில் ஒரு வரி பட்டது: எல்லாம் சரியாக இல்லையென்றால் நில்.

"இதான்! இதான் நிறுத்துது!" என்று கத்தினான். "எது சரியா இல்லைன்னா?"

"அதை அந்த வரி சொல்லலை. நானும் மண்டையை உடைச்சுக்கிட்டுப் பார்த்துட்டேன். படத்துல இப்படி ஒண்ணுமே இல்லை."

"அப்ப அழிச்சுடுங்க!"

"நீங்களே அழியுங்க," என்று ரெஜீன் விசைப்பலகையை அவன் பக்கம் தள்ளினார்.

அழித்தான். கையைத் தட்டிக்கொண்டான். ஊருக்கே உபகாரம் செய்த மாதிரி நெஞ்சை நிமிர்த்தினான். ரெஜீன் பச்சைப் பொத்தானை அழுத்தினார். நிரல் புதிதாகக் கொட்டியது. அதே இடத்தில் அதே வரி, பல்லை இளித்துக்கொண்டு நின்றது.

"காலையில வாசல் பனியை வாரிப் போட்டுட்டு நிமிர்ந்தா, தெருவை வாருற வண்டி வந்து திரும்ப நம்ம வாசல்லயே கொட்டிட்டுப் போகுமே, அந்த மாதிரில்ல இருக்கு!"

"அதேதான். இந்த வித்தையில முதல் பாடம் இது. மெஷின் எழுதினதைக் கையால தொடாதீங்க. அடுத்த தடவை பொத்தானை அழுத்தினா நீங்க தொட்டதெல்லாம் துடைச்சுட்டுப் போயிடும்."

பாசில் தலையை ஆட்டினான். ஏதோ ஒன்று மூளைக்குள் நெளிந்தது. ஆனால் அது என்ன என்று பிடிபடுவதற்குள் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. அவனைப் பொறுத்தவரை மூளைக்கும் வயிற்றுக்கும் போட்டி என்றால் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான்.

* * *

வண்டி நிறுத்தும் இடத்தில் ஃபிலோமெனின் பழைய கார், எஞ்சின் ஓட, ஜன்னலெல்லாம் பனிமூட்டம் படிந்து நின்றது. பாசில் கதவைத் திறந்து உள்ளே சரிந்தான். மடியில் கேன்டீனில் வாங்கிய பொட்டலம்: உருளைக்கிழங்கு வறுவல்மேல் குழம்பும் பாலாடைக்கட்டியும்.

ஃபிலோமென் ஐம்பதைத் தாண்டியவர். காதை மூடும் ஆரஞ்சுத் தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி. காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கணக்குக்காரர்களைப் பிடித்துப் பழகிய கண்கள். அவர் பொட்டலத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"எனக்கு?"

"பாதி."

"முழுசும் குடு. நீ வகுப்புல உக்காந்து காபி குடிக்கிறே. நான் இந்த டப்பாவுல விறைச்சுப்போய்க் கிடக்கேன்." வறுவலை வாயில் போட்டுக்கொண்டார். "சொல்லு. கயேத்தான் எப்படி?"

"இன்னிக்குக் காலையில துசோ அவரை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு. ஆதாரத்துக்குக்கூடக் காத்திருக்கலை. மனுஷன் ஒரு வார்த்தை பேசலையாம். அட்டைப்பெட்டியில சாமானை எடுத்து வச்சுக்கிட்டிருக்காரு."

"ஒரு வார்த்தைகூடப் பேசலையா?" ஃபிலோமென் மெல்லுவதை நிறுத்தினார். "குத்தம் செஞ்சவன் கத்துவான். செய்யாதவனும் கத்துவான். பேசாம இருக்கறவன் எதையோ பொத்திப் பாதுகாக்கறான். சரி, நீ என்ன கத்துக்கிட்டே?"

"முதலாளியம்மா, அது ஒரு தனி உலகம்! பெட்டி போட்டா புரோகிராம், அம்பு போட்டா புரோகிராம்! நேத்து உங்களைக்கூடப் படமா வரைஞ்சேன். 'பசி'ன்னு ஒரு பெட்டி, 'கோபம்'னு ஒரு பெட்டி. ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குத்தான் போகும், வேற எங்கயும் போகாது."

"விஷயத்துக்கு வா."

பாசில் காலையில் நடந்ததைச் சொன்னான். அழித்த வரி திரும்பி வந்ததைச் சொன்னான். ஃபிலோமென் விரலில் ஒட்டிய குழம்பை நக்கியபடி கேட்டுக்கொண்டார்.

"கயேத்தான் கையால எழுதற ஆளு. அவரு அந்த வரியைக் கையால நுழைச்சிருந்தா?"

"பொத்தானை அழுத்தினதும் துடைச்சுக்கிட்டுப் போயிருக்கும்."

"போச்சா?"

"போகலையே..." பாசிலுக்குள் காலையில் நெளிந்தது இப்போது எழுந்து உட்கார்ந்தது. "முதலாளியம்மா! உங்க வீட்டுல வாஃபிள் சுடறீங்க. ஒரு மூலை கருகுது. கருகினதை வெட்டி எறியறீங்க. அடுத்த வாஃபிளும் அதே மூலையில கருகுது. அதுக்கடுத்ததும் அப்படியே. தப்பு மாவுலயா?"

"இல்லை. வார்க்கிற அச்சுல."

"அச்சு! அதேதான்! படம்தான் மாவு, புரோகிராம்தான் வாஃபிள். நடுவுல ஒரு அச்சு இருக்கு. பெட்டியைப் பார்த்தா இப்படி எழுது, அம்பைப் பார்த்தா அப்படி எழுதுன்னு மெஷினுக்குச் சொல்ற அச்சு. அந்த வரி அதுலதான் உக்காந்திருக்கு. அதைத் தொடற சாவி யார்கிட்ட இருக்கு தெரியுமா?"

"யார்கிட்ட?"

"ரெஜீன்கிட்ட!"

சொல்லிவிட்டு அவன் வறுவலையும் மறந்து காரிலிருந்து குதித்தான். "பாசில், நில்லு!" என்ற குரல் பின்னால் கேட்டது. அவன் நிற்கவில்லை. பனியில் வழுக்கி, ஒரு வண்டியின் கண்ணாடியைப் பிடித்துச் சமாளித்து, ஓடினான்.

* * *

வகுப்பறையில் ரெஜீன் தனியாக இருந்தார். பாசில் கதவை விரியத் திறந்து, நீட்டிய விரலோடு நின்றான். வானொலிக் குரல் தானாக வந்தது.

"ரெஜீன்! நான் மாணவன் இல்லை. துப்பறிகிறவன். அந்த வரி அச்சுலேர்ந்து வருது. அச்சு உங்களோடது. சொல்லுங்க, ஏன் செஞ்சீங்க?"

ரெஜீனின் முகம் வெளுத்தது. "நீங்க... துப்பறியறவரா? அப்ப அந்தப் பெட்டி, அம்பு மேலெல்லாம் இருந்த ஆசை பொய்யா?"

எதிர்பாராத இடத்தில் அடி விழுந்ததும் பாசிலின் விரல் தொங்கியது. "ஆசை நிஜம்தான்..."

"அச்சு என்னோடது இல்லை," என்றார் ரெஜீன். "யாரோடதுன்னு சொல்ல மாட்டேன். வாக்குக் குடுத்திருக்கேன்."

"என்னோடது," என்றது வாசலில் ஒரு குரல்.

கயேத்தான் நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், நரைத்த மீசை, கையில் அட்டைப்பெட்டி. அதற்குள் ஒரு காபிக் குவளையும் ஒரு செடித்தொட்டியும். அவருக்குப் பின்னால் ஃபிலோமென் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"நீங்களா?" என்றான் பாசில். "நீங்க இந்த மெஷினையே வெறுக்கறவராச்சே!"

"கேன்டீன்ல குதிச்சவன் நான்தான்," என்றார் கயேத்தான். "உசிரு இருக்கறவரை கையாலதான் எழுதுவேன்னேன். அப்புறம் ஒரு நாள் மெஷின் எழுதினதைப் படிச்சேன். கண்றாவியா இருந்துச்சு. வீட்டுக்குப் போய்த் தூக்கம் வரலை. மறுநாள் இவங்ககிட்ட வந்து, அச்சை நான் திருத்தித் தரேன், ஆனா யாருக்கும் தெரியக்கூடாதுன்னேன். அவ்வளவு பேசிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒத்துக்கறது?"

"ராத்திரி பகலா செஞ்சாரு," என்றார் ரெஜீன். "இப்ப மெஷின் எழுதறது எல்லாம் அவரு எழுதற மாதிரியே இருக்கும். இங்க உக்காந்து பொத்தானை அழுத்தற ஒவ்வொருத்தரும், அவங்களுக்கே தெரியாம, கயேத்தான் கையெழுத்துலதான் எழுதறாங்க."

பாசில் தன்னுடைய 'ஓடு', 'நில்' பெட்டிகளைப் பார்த்தான். கொஞ்சம் வெட்கமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"அப்ப அந்த வரியை அச்சுல வச்சது நீங்க," என்றார் ஃபிலோமென், நிதானமாக.

"வச்சேன். ஆனா அச்சு எதையும் சும்மா சேர்க்காதும்மா. படத்துல இருக்க வேண்டியது ஒண்ணு இல்லாமப் போனாத்தான் சேர்க்கும்."

"எது இல்லாமப் போனா?"

கயேத்தான் மீசையைத் தடவினார். "அதை நான் சொன்னா, வேலை போன ஆத்திரத்துல சொல்றேம்பாங்க. படம் அங்கதான் இருக்கு. நீங்களே பாருங்க."

ஃபிலோமென் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். ரெஜீன் வரைந்திருந்த பெலெத் மலை ரோப் காரின் முழுப் படம் விரிந்தது. மோட்டார், பிரேக், கதவு, மணி என்று பெட்டி பெட்டியாக, அம்பு அம்பாக. அவருக்கு நிரலும் தெரியாது, அச்சும் தெரியாது. ஆனாலும் படத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார், பிறகு இடமிருந்து வலமாகப் பார்த்தார், கடைசியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"பாசில், இந்த அம்பு ஏன் வளையுது?"

"எந்த அம்பு?"

"மோட்டார்லேர்ந்து பிரேக்குக்குப் போற அம்பு. நடுவுல ஒண்ணுமே இல்லை. நேரா போகவேண்டியதுதானே? எதையோ சுத்திக்கிட்டுப் போகுது பாரு."

"அழகுக்கு இருக்கும்."

"ரெஜீன், அழகுக்கா வரைஞ்சீங்க?"

ரெஜீன் அருகே வந்து குனிந்தார். "நான் வளைச்சு வரையவே மாட்டேன். மென்பொருள்தான் வளைக்கும். வழியில பெட்டி இருந்தா அது மேல ஏறாம அம்பைச் சுத்தி விடும்."

"பெட்டியை எடுத்துட்டா?"

"எடுத்துட்டா... அம்பை யாராவது தொடற வரைக்கும் வளைவு அப்படியே..." ரெஜீன் பாதியில் நிறுத்தினார்.

"பனி வாருற வண்டி, தெருவுல நிறுத்தின காரைச் சுத்தி வளைஞ்சு போகும்," என்றார் ஃபிலோமென். "கார்க்காரன் காலையில எடுத்துட்டுப் போயிடுவான். பனிச்சுவர்ல மட்டும் அந்த வளைவு நிக்கும். இங்க ஒரு கார் நின்னுக்கிட்டிருந்திருக்கு. என்ன கார்?"

ரெஜீன் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். திறந்தபோது கை வாயைப் பொத்தியிருந்தது. "காத்து! காத்துமானி. மேல் தூண்ல சுத்திக்கிட்டிருக்குமே, குட்டிக் கிண்ணங்க. காத்து பலமா அடிச்சா நில்லுன்னு நான் முதல் நாளே வரைஞ்சிருந்தேன்!"

"மோட்டார் இருந்து, அதோட காத்துமானி சேராம இருந்தா, சேர்த்துடுன்னு அச்சுல எழுதி வச்சேன்," என்றார் கயேத்தான். "யாராவது மறந்துட்டா பாதுகாப்பா இருக்கட்டும்னுதான். அந்த வரியில 'எல்லாம்'னு எழுதினது காத்தைத்தான்."

பாசில் நெற்றியில் அடித்துக்கொண்டான். "காத்து! வருஷக்கணக்கா காத்து வேகம் வாசிச்சவன் நான்! பேய்னு நினைச்சேன், நாசவேலைன்னு நினைச்சேன், ஒரு தடவைகூடக் காத்துன்னு தோணலையே!"

"யாருக்கும்தான் தோணலை. கீழே கொடிகூட அசையாத நாள்லயும் மேலே அடிக்கும்." ஃபிலோமென் ரெஜீன் பக்கம் திரும்பினார். "யாரு அழிச்சாங்கன்னு மெஷின் சொல்லுமா?"

"சொல்லாது. பயிற்சிக்குன்னு எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல்."

ஃபிலோமென் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். "அப்ப மூணு பேரும் கேட்டுக்கோங்க. 'காத்து'ங்கிற வார்த்தை இந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது. ரெஜீன், நீங்க கயேத்தானோட இங்கயே இருங்க. பாசில், வானிலைக்காரரே, இன்னிக்கு மலை மேல எப்படி இருக்கும்?"

பாசில் ஜன்னல் வழியே மேகம் ஓடும் திசையைப் பார்த்தான். குரல் தானாகக் கனத்தது. "பிற்பகலில் மேற்கிலிருந்து பலமான காற்று. உச்சிப் பகுதியில் சுழன்று அடிக்கும். தாய்மார்கள் குழந்தைகளின் தொப்பியைக் கட்டிவிடவும்."

"நல்லது. துசோவைக் கூப்பிடு. ஆளைக் கண்டுபிடிச்சாச்சு, மலை மேல வச்சுக் காட்டறோம்னு சொல்லு."

"கண்டுபிடிச்சாச்சா? யாரை?"

"எனக்கு எப்படித் தெரியும்? மேலே போனாத்தானே தெரியும்."

* * *

பெலெத் மலை அடிவாரத்தில் புகை நேராக எழும்பியது. கொடி கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது. துசோ ரோமத் தொப்பியும் புதுக் கையுறையுமாகக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார்.

"கயேத்தான்தானே?" என்றார் ஆவலாக.

"மேலே போய்ச் சொல்றேன்," என்றார் ஃபிலோமென்.

அப்போதுதான் பாசில் கவனித்தான். அவருடைய முகம் பனியைவிட வெளுப்பாக இருந்தது.

"என்ன முதலாளியம்மா?"

"எனக்கு உயரம் ஆகாது," என்று பல்லுக்குள் சொன்னார். "வாயை மூடிக்கிட்டு ஏறு."

மூன்று பேர் உட்காரும் நாற்காலி பின்னாலிருந்து வந்து முழங்காலில் தட்டி அள்ளிக்கொண்டது. நடுவில் துசோ, இருபுறமும் துப்பறிகிறவர்கள். ஃபிலோமென் குறுக்குக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிவிட்டார். காலடியில் தேவதாரு மரங்கள் நழுவின. சறுக்குக்காரர்கள் எறும்பாகிக்கொண்டே போனார்கள்.

துசோ உற்சாகமாகப் பேசினார். "சனிக்கிழமை ரேடியோவுல நேரடி ஒலிபரப்பு. நிற்காத ரோப் கார்! நல்லா இருக்குல்ல? பக்கத்து மலைக்காரங்க எல்லாம் வந்து க்யூவுல நிக்கப்போறாங்க, எங்களுக்கும் செஞ்சு குடுங்கன்னு."

"கேக்கவே இனிக்குது," என்றான் பாசில். அடிவானத்து மேகங்களைப் பார்த்துக் காற்று எப்போது வரும் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தான்.

மேல் தூண்களை நெருங்கும்போது தேவதாருக் கிளைகளிலிருந்து பனி பறக்கத் தொடங்கியது. நாற்காலி ஒருமுறை சிலிர்த்தது. மெல்ல வேகம் குறைந்தது. நின்றது.

கம்பிவடம் முனகியது. மூவரும் அந்தரத்தில் முன்னும் பின்னும் ஆடினார்கள்.

"தாபர்நாக்!" என்று திட்டியபடி துசோ கையுறைக் கையால் கம்பியை அறைந்தார். "மறுபடியும் இந்தப் பாழாப்போன காத்து! அதைத்தான் எடுத்தாச்சே..."

வாயை மூடிக்கொண்டார். ஆனால் கொஞ்சம் தாமதமாக.

"எதை எடுத்தீங்க, மிஸ்யே துசோ?" என்றார் ஃபிலோமென். கண்ணை இன்னும் திறக்கவில்லை.

"ஒண்ணுமில்லையே. காத்து அடிக்குதே, அதைச் சொன்னேன்."

"காத்து அடிக்கறது எனக்கும் தெரியுது. என் காதே கழண்டுடும் போலிருக்கு. ஆனா ரோப் கார் நின்னது காத்தாலன்னு உங்களுக்கு யார் சொன்னா? என் ஆபீஸ்ல நாசவேலைன்னீங்க. ஊர்ல பேய்ங்கறாங்க. படத்துல காத்துக்குப் பெட்டியே இல்லை. அதை வரைஞ்ச ரெஜீனுக்கே மறந்துபோச்சு. இந்த ரோப் கார் காத்துக்காக நிக்கும்னு தெரிஞ்ச ஆளு ஒருத்தராத்தான் இருக்க முடியும். அங்கே ஒரு பெட்டி இருந்ததைப் பார்த்து, அதை அழிச்சவரு."

துசோ இடப்புறம் திரும்பினார், அங்கே பாசில். வலப்புறம் திரும்பினார், அங்கே ஃபிலோமென். கீழே பார்த்தார்.

"குதிக்கறதா இருந்தா சொல்லுங்க," என்றான் பாசில் அன்பாக. "கம்பியைத் தூக்கிவிடறேன்."

துசோவின் தோள்கள் இறங்கின. "ஒரே ஒரு பெட்டி," என்றார். "தம்மாத்தூண்டு பெட்டி. கொஞ்சம் காத்தடிச்சாலே நிக்கும்னு இருந்துச்சு. நான் ரேடியோவுல நிக்காதுன்னு சொல்லிட்டேன். முதல் நாள் வகுப்புல பின்னால உக்காந்திருந்தேன். படத்துல இல்லாதது புரோகிராம்ல இருக்காதுன்னு ரெஜீன் சொன்னாங்க. சாயந்திரம் போய் ஒரு தட்டு தட்டினேன். போயிடுச்சு."

"ஒரு நாள் வகுப்புக்கு மட்டும் போனா இப்படித்தான்," என்றான் பாசில். "ரெண்டாம் நாள்தான் அச்சைப் பத்திச் சொன்னாங்க."

"ஆனா அப்புறமும் நின்னுதே!" துசோவின் குரலில் நிஜமான ஆற்றாமை இருந்தது. "பெட்டியை எடுத்த பிறகும் நின்னுது! யாரோ எனக்கு எதிரா வேலை செய்யறாங்கன்னுதானே உங்களைக் கூப்பிட்டேன்!"

பாசிலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "திருடின சாமான் தானா வீட்டுக்குத் திரும்பிப் போயிடுச்சுன்னு திருடனே துப்பறிய ஆள் வச்சிருக்கான், முதலாளியம்மா!"

"சிரிக்காதே. நாற்காலி ஆடுது." ஃபிலோமென் துசோவிடம், படத்தில் காற்றுமானி இல்லாவிட்டால் அச்சே அதைச் சேர்த்துவிடும் என்பதையும், அந்த அச்சைச் செய்தவர் யார் என்பதையும் சொன்னார்.

"கயேத்தானா? அச்சை எழுதினது கயேத்தானா?"

அவர் வாய் திறந்தபடி இருக்கும்போதே மேற்கிலிருந்து பெரும் வீச்சு ஒன்று வந்தது. அவர்களுடைய நாற்காலி பக்கவாட்டில் எகிறியது. ஃபிலோமென் ஜெபம் சொன்னார். எதிரே, தூணை ஒட்டித் தொங்கிய காலி நாற்காலி வீசி எறிந்ததுபோல் போய், இரும்புத் தூணை ஒரு சாண் இடைவெளியில் தவறவிட்டுத் திரும்பியது. மறுபடி போனது. மறுபடி தவறியது.

மூவரும் அதையே பார்த்தார்கள். ஃபிலோமென்கூட ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். ஓடிக்கொண்டிருந்தால் அந்த நாற்காலி தூணில் மோதியிருக்கும். அதில் சனிக்கிழமை யாராவது உட்கார்ந்திருப்பார்கள். மடியில் ஒரு குழந்தைகூட இருக்கலாம்.

துசோவின் முகம் வெளிறிப்போயிருந்தது. அவர் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி, தொலைபேசியை எடுத்தார்.

"ரெஜீனா? கயேத்தான் இருக்காரா? ஒலிபெருக்கியில போடுங்க."

"சொல்லுங்க," என்றது கயேத்தானின் குரல்.

"கயேத்தான், நான்தான்."

"தெரியுது. காத்து சத்தம் கேக்குது."

"அந்தப் பெட்டியை நான்தான் எடுத்தேன்."

"அதுவும் தெரியும். அன்னிக்கு அந்த மவுஸ் மேல டோனட் சர்க்கரை ஒட்டியிருந்துச்சு. இந்த ஆபீஸ்ல டோனட்டும் கையுமா அலையறது ஒரே ஆளுதான்."

துசோ தன் விரல்களைப் பார்த்தார். "தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? இன்னிக்குக் காலையில வீட்டுக்குப் போங்கன்னு சொன்னப்பகூடவா?"

"நான் பேசியிருந்தா, அப்ப எது நிறுத்துதுன்னு கேட்டிருப்பீங்க. அச்சுன்னு சொல்லியிருப்பேன். அதையும் எடுத்திருப்பீங்க. வேலை போனா வேற தேடிக்கலாம், மிஸ்யே."

துசோ ரோமத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், ஏதோ மாதா கோவிலில் இருக்கிறவர் மாதிரி.

"நாளைக்கு வேலைக்கு வாங்க, கயேத்தான். நான் மன்னிப்புக் கேக்கறேன். எல்லார் முன்னாடியும் கேன்டீன்லயே வச்சுக் கேக்கறேன்."

"கேன்டீன்ல வேணாம். அங்க நானும் நிறைய பேசியிருக்கேன்." உடனே அடுத்த கேள்வியும் வந்தது. "ஆய்வாளர்கிட்ட யார் சொல்லப்போறா?"

துசோ ஃபிலோமெனைப் பார்த்தார். அவர் கண்ணை மூடியபடியே, "நீங்க சொல்லலைன்னா நான் சொல்வேன்," என்றார்.

"நானே சொல்றேன்."

"ரேடியோவுல?" என்றது கயேத்தானின் குரல். "சனிக்கிழமை ரேடியோவுல என்ன சொல்வீங்க?"

துசோ தூணைப் பார்த்தார். அங்கே ஆடும் நாற்காலியைப் பார்த்தார். "எங்க ரோப் கார் நிக்கும்னு சொல்றேன்."

"காத்துல கேக்கலை. சத்தமா."

"எங்க ரோப் கார் நிக்கும்!"

"இன்னும் கொஞ்சம்."

துசோ நிமிர்ந்து, மலைக்கே கேட்கும்படி தொண்டை கிழியக் கத்தினார். "நிக்கும்! எங்க ரோப் கார் கட்டாயம் நிக்கும்!"

காற்று சட்டென்று தணிந்தது. கம்பிவடம் ஒரு முனகல் முனகி, நாற்காலி ஜம்மென்று ஓடத் தொடங்கியது.

தொலைபேசிக்குள் ரெஜீன் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. அவரோடு கரகரத்த குரலில் இன்னொரு சிரிப்பும் கேட்டது. கயேத்தான் சிரித்து அந்த அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை. துசோவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீரோடு, தொப்பியில்லாத தலையோடு, அவர் குலுங்கினார்.

"நான் உங்களுக்குச் சம்பளம் குடுக்கற ஆளு," என்றார் மூச்சு வாங்கியபடி. "என்னையே பிடிச்சுட்டீங்களே!"

"குத்தவாளியைக் கண்டுபிடிங்கன்னீங்க," என்றார் ஃபிலோமென். "உங்களைத் தவிரன்னு சொல்லலையே. பாசில், இப்ப நான் கண்ணைத் திறக்கலாமா?"

பாசில் கீழே பார்த்தான். இதுவரை வந்த பள்ளம் எல்லாம் வாசற்படி என்று சொல்லும்படி, மலைப்பிளவு ஒன்று அடியில் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"வேணாம், முதலாளியம்மா," என்றான். "இனிமேதான் உயரமே வருது."